அம்மா எடுத்துவிட்ட டிக்

"யாரது?" என்று கேட்டான் ரயான்.

போனுக்குள் சிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம் அப்படியே நின்றது. நெட் மாட்டிக்கொண்டதோ என்றுதான் லிசா முதலில் நினைத்தாள். ஆனால் அம்மாவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ரயானுக்கு வயது நான்கு. அவன் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். கேட்டவன் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. படியில் தடதடவென்று இறங்கிக் கீழ் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

"தூக்கக் கலக்கம் போல, பாவம்" என்று அம்மா அவனுக்காகப் பரிந்து பேசினாள். பிறகு ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்லி, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போனை வைத்துவிட்டாள். லிசாவுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஒரு வேலையும் கிடையாது.

லிசாவின் அம்மா ஹில்டா ஒரு நர்ஸ். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்போது ரயான் சரியாகப் பேசக்கூடத் தொடங்கவில்லை. அப்பா குழந்தைசாமிக்கு ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். அதுவரை பிள்ளைகள் இருவரும் கீழ் வீட்டில், வீட்டுச் சொந்தக்காரர் கௌரம்மாவோடு இருப்பார்கள். கௌரம்மாவுக்குக் கன்னடம்தான் தெரியும். ரயானும் இப்போது பாதிக்கு மேல் கன்னடத்தில்தான் பேசினான்.

அன்று மாலை லிசா அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். அம்மா அனுப்பி அவன் போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரைத் தொட்டுக் காட்டி, இது யார் கொடுத்தது என்று கேட்டாள்.

"கூரியர் அங்கிள்" என்றான் ரயான்.

லிசாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றும் போனது. அவளுக்கு அம்மாவின் வாசனைகூட இன்னும் நினைவிருந்தது. மருத்துவமனை சோப்பும் மல்லிகையும் கலந்த ஒரு வாசனை அது. அதை ரயானுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

மறுநாள் கௌரம்மா வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ரயான் டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். கார்ட்டூன் கரடியின் தம்பி பெயர், தங்கை பெயர் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. கௌரம்மா பார்க்கும் சீரியலில் யார் நல்ல மாமியார், யார் கெட்ட மாமியார் என்றும் சொல்வான். செய்தி வாசிக்கும் அக்கா கடைசியில் கும்பிடு போட்டால், இவனும் எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிடுவான்.

போனில் வருகிறவர்களை ரயான் நம்புவதில்லை. டிவியில் வருகிறவர்கள் அத்தனை பேரும் அவனுக்குச் சொந்தக்காரர்கள்.

அப்படியானால் அம்மா டிவியில் வரவேண்டும்.

அது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. கௌரம்மா வீட்டு டிவியில் பென் டிரைவ் செருகலாம். அவருடைய மகள் கல்யாண வீடியோவை அதில்தான் அடிக்கடி போட்டுப் பார்ப்பார். அம்மாவின் பழைய வீடியோக்களும் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. அயர்லாந்து போவதற்கு முன்னால் அம்மாவே தன் போனிலிருந்து எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்திருந்தாள்.

லிசா அவற்றைத் திறந்து பார்த்தாள். அம்மா மொட்டை மாடியில் நின்று காக்காயைக் காட்டி ரயானுக்குச் சோறு ஊட்டுகிறாள். தசரா விளக்குகளுக்குக் கீழே அப்பாவின் தோளில் ரயான் உட்கார்ந்திருக்கிறான், அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். பாயில் படுத்துக்கொண்டு அம்மா மெதுவாகப் பாடுகிறாள், ரயான் அவளுடைய கம்மலைப் பிடித்து இழுக்கிறான்.

பாட்டு முடிந்ததும் லிசா அதை மறுபடியும் போட்டாள். ரயானுக்காக இல்லை, அவளுக்காகவே.

பள்ளியில் வீடியோத் துண்டுகளை ஒட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒட்டுகிற வேலை லிசாவுக்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஒட்டி முடித்து 'சேவ்' கொடுத்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு வந்தது. அது எறும்புபோல் ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எறும்பே தேவலை என்று ஆனது. மௌஸை அசைத்தாலும் அம்புக்குறி அசையவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் மட்டும் கரகரவென்று முனகிக்கொண்டிருந்தது.

அப்பா வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்தபோதும் கோடு பாதிகூட வரவில்லை. பழைய பெட்டி, உங்கம்மா படிக்கும்போதே தேய்ந்துபோனது, விட்டுவிடு என்றார் அப்பா. அடுத்த நாளும் இதே கதைதான்.

லிசா விடவில்லை. தோழி மனிஷாவைக் கூட்டி வந்தாள். மனிஷா பக்கத்துத் தெரு, ஒரே வகுப்பு. அப்பா வந்ததும் அவருடைய போனை வாங்கி இருவரும் தேடினார்கள். ஹார்டு டிஸ்க் மெதுவாக எழுதினால், அதன் 'கேஷ்' வேலை செய்கிறதா என்று பாருங்கள் என்று நெட்டில் ஓர் ஆங்கிலப் பக்கத்தில் இருந்தது. மனிஷா அந்த வார்த்தையை முதலில் 'கச்சே' என்று படித்தாள். அப்புறம் 'கேச்சி' என்று படித்தாள்.

"கேஷ்னு சொல்லணும்" என்றாள் லிசா.

அடுப்படியில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. "கம்ப்யூட்டரும் கேஷ் கேக்குதா? வரிசையில நிக்கச் சொல்லு."

இது அந்த கேஷ் இல்லை என்று இருவரும் சேர்ந்து அவருக்கு விளக்கினார்கள். ஹார்டு டிஸ்க்குக்குச் சொந்தமாக ஒரு குட்டி நினைவகம் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் கொடுப்பதை அது சட்டென்று அங்கே வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு தன்பாட்டுக்கு வட்டில் எழுதும். கம்ப்யூட்டர் காத்திருக்க வேண்டாம். அந்த நினைவகத்துக்குப் பெயர்தான் கேஷ்.

மனிஷாவுக்கு உடனே கணக்கு மிஸ் ஞாபகம் வந்தது. மிஸ் ஒவ்வொரு நோட்டாக வாங்கித் திருத்தி முடிக்கும்வரை எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். அறிவியல் மிஸ் அப்படி இல்லை, மேஜையில் வைத்துவிட்டுப் போ என்பார். நம்ம கம்ப்யூட்டருக்குக் கணக்கு மிஸ் மாட்டியிருக்கிறார் என்றாள் மனிஷா.

போனில் சொல்லியிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து போனார்கள். கடைசியில் அந்த இடம் வந்தது. கேஷ் வேண்டும் என்ற வரிக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் இல்லை. பொதுவாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் டிக் இருக்கும், யாராவது எடுத்தால்தான் போகும் என்று எழுதியிருந்தது.

"யாருப்பா எடுத்தாங்க?" என்று கேட்டாள் லிசா.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"உங்கம்மாதான்" என்றார்.

வெளிநாட்டு வேலைக்காக அம்மா ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் மழையில் கரண்ட் போய், அவள் டைப் அடித்து வைத்திருந்த பாடம் முழுக்க அழிந்துவிட்டது. கேஷில் இருந்தது வட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே கரண்ட் போய்விட்டது. அம்மா அன்று அழுதாள். மறுநாள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஒருவரிடம் கேட்டு வந்து, தன் கையாலேயே அந்த டிக்கை எடுத்துவிட்டாள். மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை, எழுதினது எழுதினதாக இருக்கட்டும் என்றாளாம்.

லிசாவின் கை மௌஸின்மேல் அப்படியே நின்றது. அம்மா வைத்துவிட்டுப் போனதை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் அம்மா மாட்டிய காலண்டரைக்கூட அவள் இன்னும் கழற்றவிடவில்லை. அதில் போன வருஷம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் யோசித்தாள். ஒன்று தொலைந்துவிடக் கூடாது என்றுதான் அம்மா டிக்கை எடுத்தாள். இப்போது தானும் அதற்காகத்தான் போடப்போவதாகத் தோன்றியது. அம்மாவிடம் மனதுக்குள் சொல்லிவிட்டு டிக்கைப் போட்டாள்.

மனிஷா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். லிசா மட்டும் ஒரு சின்னத் துண்டைச் சேவ் செய்து பார்த்தாள். பச்சைக் கோடு இந்த முறை ஊரவில்லை, நடந்தது. பெட்டியின் முனகலும் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் லிசா முழுப் படத்துக்கும் சேவ் கொடுத்தாள். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடு முக்கால் தூரம் தாண்டியிருந்தபோது முதல் இடி விழுந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று லிசா சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது.

கரண்ட் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதேதோ சொல்லி, டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டே இருந்தது. அது முடிந்ததும் லிசா தன் படத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. பயந்துபோய் அம்மாவின் பழைய வீடியோக்களைத் திறந்தாள். காக்காய் இருந்தது, தசரா இருந்தது, பாட்டும் இருந்தது. எழுதிக்கொண்டிருந்தது மட்டும்தான் போயிருக்கிறது.

பழைய வீடியோக்கள் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதியிலேயே அவளுக்கு அழுகை வந்தது. அதற்குள் மறுபடி கரண்ட் போனது. இருட்டில் உட்கார்ந்து அழுதாள்.

படியேறி வந்த ரயான் அவளைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தான். "அளபேடா, அக்கா" என்று கன்னடத்தில், அழவேண்டாமெனச் சமாதானம் சொன்னான். கையில் இருந்த பிஸ்கட்டை அவள் வாயருகே நீட்டினான். அதில் பாதி ஏற்கனவே கடிக்கப்பட்டிருந்தது. மீதியும் நனைந்திருந்தது.

லிசா அதை மென்றுகொண்டிருக்கும்போதுதான் கவனித்தாள். தெரு முழுக்க இருட்டு. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஆனால் கீழ் வீட்டில் கெட்ட மாமியார் இன்னமும் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ரயான், ஆன்ட்டி வீட்டுல கரண்ட் போகலையா?"

"அங்க போகவே போகாது" என்றான் ரயான்.

கௌரம்மா வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. சீரியல் நடுவில் நின்றுபோவதைப் பொறுக்க முடியாமல் அவர் வாங்கி வைத்தது அது.

லிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிக்கை எடுத்துவிட்டால் பயமில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் முடியாது. டிக் இருந்தால் முடிந்துவிடும், கரண்ட் மட்டும் நிற்காமல் இருக்க வேண்டும். பெட்டிதான் இடம் மாற வேண்டும்.

சனிக்கிழமை அப்பாவுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் வந்தவர் எதுவும் கேட்காமல் கம்ப்யூட்டர் பெட்டியையும், பிறகு அதன் திரையையும் தோளில் வைத்துக் கீழே இறக்கினார். லிசா கீபோர்டையும் ஒயர்களையும் எடுத்துக்கொண்டாள். ரயான் மௌஸை அதன் வாலைப் பிடித்துத் தூக்கி வந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் கௌரம்மா ஹாலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஆனால் கரண்ட் போனால் ஃபேன், டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இன்வெர்ட்டர் தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். அன்று மாலை அவருடைய சீரியலில் கல்யாணக் காட்சி வேறு. அவர் டிவியைப் பார்த்தார், லிசாவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் டிவியின் பிளக்கையே பிடுங்கிவிட்டார். அந்தக் கல்யாணம் நாளைக்கு மறு ஒளிபரப்பில் மறுபடியும் நடக்கும், ஹில்டாவுக்கு இல்லாததா என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு மாவு பிசையப் போனார்.

லிசா துண்டுகளை மறுபடியும் ஒட்டத் தொடங்கினாள். இந்த முறை ஒவ்வொரு துண்டு சேர்த்ததும் ஒரு சேவ். கடைசியில் மொத்தப் படத்துக்கும் கொடுத்தாள். கோடு கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே மழையும் கிளம்பியது.

பாதி வழியில் தெருவிளக்குகள் அணைந்தன. எதிர்வீடு இருண்டது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கோ மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரை கண் சிமிட்டக்கூட இல்லை. கோடு தன்பாட்டுக்குப் போய்க் கடைசி முனையைத் தொட்டது.

படத்தைத் திறந்து பார்த்து, பென் டிரைவில் ஏற்றி, அதை முறையாகக் கழற்றி எடுத்த பிறகு லிசா இன்னொரு வேலையும் செய்தாள். அந்தக் கட்டத்துக்குப் போய் டிக்கை எடுத்துவிட்டாள். மாடி வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. அங்கே அம்மா வைத்தபடி இருப்பதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ரயான் கரடி வரும் என்று நினைத்திருந்தான். கரடிக்குப் பதில் ஒரு மொட்டை மாடி வந்தது. ஒரு காக்காய் வந்தது.

"நம்ம மாடி" என்றான்.

பிறகு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனான். திரையில் இருந்த குழந்தையை விரலால் தொட்டான். அது தான்தான் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் கையைத் தொட்டான். கை வழியாக விரல் மேலே போய் முகத்தில் நின்றது. யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. லிசா உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

திரையில் அம்மா குனிந்து அந்தக் குழந்தையின் நெற்றியில் முட்டினாள். குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. டிவிக்கு முன்னால் நின்ற ரயானும் சிரித்தான்.

"அம்மா என்னை முட்டுறாங்க" என்று திரும்பி எல்லாரிடமும் சொன்னான், தமிழில்.

பாட்டு முடிந்து திரை கறுத்ததும் இன்னொரு முறை போடச் சொன்னான். அப்புறம் இன்னொரு முறை. கௌரம்மாவின் கல்யாண சீரியல் மறு ஒளிபரப்பும் ஓடி முடிந்திருக்கும். அவர் ரிமோட்டைக் கேட்கவே இல்லை.

அதற்குள் அப்பா அந்தப் படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தார். மாலையில் அம்மா கூப்பிட்டாள். லிசா வழக்கம்போல் போனை ரயானை நோக்கிப் பிடித்தாள். இந்த முறை அவனைத் துரத்த வேண்டியிருக்கவில்லை. அவனே முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, நீ எப்போது டிவியிலிருந்து வருவாய் என்று கேட்டான்.

"டிசம்பர்ல வர்றேன், கண்ணு" என்றாள் அம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

டிசம்பர் என்பது தூங்கி எழுந்ததும் வருமா என்று ரயானுக்குத் தெரிய வேண்டும். நிறைய முறை தூங்கி எழ வேண்டும் என்றாள் அம்மா. அப்படியானால் இப்போதே தூங்குகிறேன் என்று அவன் தரையில் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அம்மா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

பிறகு அம்மா சொன்னாள். "படத்தைப் பாத்தேன், லிசா. ரயான் இருக்கான், அப்பா இருக்காரு, நான் இருக்கேன். நீ எங்கடி?"

"நான்தாம்மா போன் பிடிச்சிட்டிருந்தேன்."

அம்மா போனைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"இப்பவும் நீதான் பிடிச்சிருக்க. அப்பாகிட்ட குடு அதை. குடுத்துட்டு இந்தப் பக்கம் வந்து உக்காரு."

லிசா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். தலை வாரியிருக்கவில்லை. சட்டையில் மாவு ஒட்டியிருந்தது. அம்மாவிடம் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. டிக், கேஷ், மழை, இன்வெர்ட்டர் என்று ஒரு வாரத்துக் கதை இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா இரு" என்றாள் அம்மா. "உன்னை நல்லாப் பாத்துக்கிறேன்."

ரயான் தூக்கத்தை விட்டுவிட்டு எழுந்து குறுக்கே வரப் பார்த்தான். அப்பா அவனை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டார், மறு கையில் போன் ஆடாமல் இருந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். லிசா இடத்தைவிட்டு அசையவே இல்லை.